தாத்தாவின் பொட்டலமும் ஆக்குபேஷனல் தெரபியின் கதையும்



பி.காம். படிக்கிறவனுக்கு மருத்துவ வரலாறு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். போன வருடம் வரை எனக்கும் 'ஆக்குபேஷன்' என்றால் விண்ணப்பப் படிவத்தில் அப்பா பெயருக்குக் கீழே நிரப்ப வேண்டிய ஒரு கட்டம், அவ்வளவுதான். அந்தச் சின்னக் கட்டத்துக்குள் இவ்வளவு பெரிய கதை இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

அதைத் தெரிய வைத்தவர் என் தாத்தா. நாற்பது வருடம் மளிகைக் கடை நடத்தியவர். பக்கவாதம் வந்து வலது கையும் காலும் பாதிக்கப்பட்டன. பிழைத்து வீட்டுக்கு வந்ததும் நாங்கள் எல்லோரும் சேர்ந்து, பாசத்தோடுதான், ஒரு காரியம் செய்தோம். "நீங்க ஒண்ணும் செய்ய வேணாம், சும்மா உக்காருங்க" என்று சொல்லி அவரிடமிருந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டோம். கடைச் சாவி, காலையில் பால் வாங்கி வருவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது... பேரேட்டை வாங்கி வைத்துக்கொண்டது நான்தான். மாத்திரைகள் வேளை தவறாமல் போயின. ஆனாலும் மூன்றே மாதத்தில் மனிதர் பாதியாகிவிட்டார். பேச்சு குறைந்தது, சாப்பாடு குறைந்தது, பகலெல்லாம் தூக்கம்.

அப்போதுதான் மருத்துவமனையில் ஓர் ஆக்குபேஷனல் தெரபிஸ்டைப் பார்க்கச் சொன்னார்கள். அந்த அம்மா தாத்தாவின் கையைப் பிடித்துப் பார்ப்பதற்கு முன்பே கேட்ட கேள்வி இது: "ஐயா, கடையில என்னென்ன வேலை உங்க கையால செய்வீங்க?" மூன்று மாதத்தில் தாத்தாவிடம் யாரும் கேட்காத கேள்வி. அவர் பத்து நிமிடம் நிறுத்தாமல் பேசினார்!

அன்று ஆரம்பித்ததுதான் என்னுடைய இந்தத் தேடல்.

தொழில் என்றால் என்ன?

முதலில் பெயரைப் பார்ப்போம். இதைத் தமிழில் 'தொழில்வழிச் சிகிச்சை' என்கிறார்கள். கேட்டவுடன் ஏதோ வேலை வாங்கித் தரும் இடம் என்றோ, தொழிற்சாலை ஊழியர்களுக்கான வைத்தியம் என்றோ தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் தமிழில் 'தொழில்' என்ற சொல்லுக்குச் சம்பளத்தோடு சம்பந்தமில்லாத பழைய பொருள் ஒன்று உண்டு. பள்ளிக்கூடத்தில் படித்த 'தொழிற்பெயர்' நினைவிருக்கிறதா? நடத்தல், உண்ணல், எழுதல்... அங்கே தொழில் என்றால் செயல். இறைவனின் ஐந்தொழில் என்கிறோமே, அதற்கு யாரும் கூலி கொடுப்பதில்லை :)

ஆக்குபேஷனல் தெரபியில் வரும் 'ஆக்குபேஷன்' இந்தப் பழைய பொருளில்தான் வருகிறது. பல் துலக்குவது, சட்டைப் பொத்தான் போடுவது, சமைப்பது, கோலம் போடுவது, பேரனோடு தாயம் ஆடுவது, கடைக்குப் போவது எல்லாமே ஆக்குபேஷன்தான். மனிதன் தன் நாளை எதைக்கொண்டு நிரப்புகிறானோ அது. அப்படி நிரப்ப முடியாமல் போவது நோயை மோசமாக்கும், திரும்ப நிரப்ப ஆரம்பிப்பது குணமாவதற்கு உதவும் என்பதே இந்தத் துறையின் அடிப்படை.

சங்கிலியும் தோட்டமும்

கதை மனநல விடுதிகளில் தொடங்குகிறது. 18-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் மனநோயாளிகளைச் சங்கிலியில் கட்டிவைப்பது சாதாரணம். பாரிஸில் பிசெத்ர் மருத்துவமனைக்கு 1793-ல் பிலிப் பினெல் மருத்துவராக வந்தார். சங்கிலியை அவிழ்த்தவர் அவர்தான் என்று பொதுவாகச் சொல்வார்கள். உண்மையில் 1797-ல் அங்கே அதைச் செய்தவர் பொறுப்பாளராக இருந்த ழான் பாப்திஸ்த் பூசன். அவரே ஒருகாலத்தில் அதே மருத்துவமனையில் கண்டமாலை நோய்க்குச் சிகிச்சை பெற்றவர்! பினெல் 1801-ல் எழுதிய நூலில் ஸ்பெயினின் சரகோசா நகர விடுதியைப் பற்றிச் சொல்கிறார். அங்கே வயல்வேலை செய்த ஏழை நோயாளிகள் தேறினார்கள். உடலுழைப்பு தங்கள் அந்தஸ்துக்குக் குறைவு என்று ஒதுங்கிய பிரபுக்கள் அப்படித் தேறவில்லை.

அதே காலத்தில் இங்கிலாந்தின் யார்க் நகரில் இன்னொரு சம்பவம். 1790-ல் அங்கிருந்த மனநல விடுதியில் சேர்க்கப்பட்ட ஹன்னா மில்ஸ் என்ற பெண் சில வாரங்களிலேயே இறந்துபோனார். குவேக்கர் சமயப் பிரிவைச் சேர்ந்த அவரைப் பார்க்க, அதே பிரிவினருக்கு அனுமதி கிடைக்கவில்லை. இது வில்லியம் டியூக் என்பவரை உலுக்கியது. அவர் டாக்டர் இல்லை, தேயிலை வியாபாரி (காமர்ஸ்காரர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்!). 1796-ல் அவர் முயற்சியில் 'ரிட்ரீட்' திறக்கப்பட்டது. தோட்டவேலை, தையல், நடைப்பயிற்சி, தேநீர் விருந்து என்று வீட்டில் நடப்பது போலவே அங்கே நாட்கள் நடந்தன.

ஆனால் 19-ஆம் நூற்றாண்டு போகப்போக விடுதிகள் பெருத்தன, கூட்டம் நிரம்பி வழிந்தது. நோயாளிக்காக இருந்த வேலை, விடுதிக்காக என்று மாறிப்போனது. சலவை, சமையல், பண்ணை எல்லாம் சம்பளமில்லாத நோயாளிகளின் உழைப்பில் ஓடின. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

ஆறு பேர், ஒரே ஒரு டாக்டர்

அமெரிக்காவுக்கு வருவோம். ஜார்ஜ் எட்வர்ட் பார்ட்டன் ஒரு கட்டிடக் கலைஞர். காசநோய் வந்தது. பனியில் பாதம் விறைத்து அழுகியதால் ஒரு பகுதியை வெட்டி எடுத்தார்கள். அதன்பின் இடது பக்கம் செயலிழந்தது. இத்தனைக்கும் பிறகு தச்சுவேலையும் தோட்டவேலையும் செய்து தன்னைத் தானே மீட்டுக்கொண்டார். 1914-ல் நியூயார்க் மாநிலத்தின் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் 'ஆறுதல் இல்லம்' என்று பொருள்படும் பெயரில் ஒரு வீட்டைத் திறந்தார்.

அந்த வீட்டில்தான் 1917 மார்ச்சில் ஆறு பேர் கூடி, ஆக்குபேஷனல் தெரபியை வளர்ப்பதற்கான தேசியச் சங்கத்தைத் தொடங்கினார்கள். பார்ட்டன், மனநல மருத்துவர் வில்லியம் ரஷ் டன்டன், சமூகப் பணியாளர் எலினார் கிளார்க் ஸ்லாகிள், கைவினை ஆசிரியை சூசன் காக்ஸ் ஜான்சன், இன்னொரு கட்டிடக் கலைஞரான தாமஸ் கிட்னர், செயலாளர் இசபெல் நியூட்டன். ஆறு பேரில் டாக்டர் ஒருவர்தான்! 1910-லேயே இதுபற்றிப் புத்தகம் எழுதிய செவிலியர் சூசன் டிரேசியும் நிறுவனர்களில் ஒருவராக மதிக்கப்படுகிறார், ஆனால் அன்று அவரால் வர முடியவில்லை.

சங்கம் தொடங்கி மூன்று வாரத்தில் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியது. கையிழந்தும் மனம் உடைந்தும் கிடந்த சிப்பாய்களுக்கு உதவ 'மறுசீரமைப்பு உதவியாளர்கள்' என்ற பெயரில் பெண்கள் அனுப்பப்பட்டார்கள். ராணுவத்தில் அவர்களுக்குப் பதவித் தகுதி கிடையாது. கூடை பின்னுவது, மரவேலை, நெசவு என்று அவர்கள் சொல்லிக்கொடுத்ததுதான் இந்தத் துறையை ஊரறியச் செய்தது. அடால்ஃப் மேயர் என்ற மனநல மருத்துவர் 1922-ல் வெளியான கட்டுரையில் இதற்கு ஒரு தத்துவம் கொடுத்தார். வேலை, விளையாட்டு, ஓய்வு, தூக்கம் என்ற நான்கும் சமன்பட்ட தாளத்தில் இருப்பதே ஆரோக்கியம் என்பது அவர் கருத்து. நம் பரீட்சை நேரத்து தினசரியை அவர் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!

மரியன்தால்: வேலை போன கிராமம்

இந்தக் கருத்து நோயாளிகளுக்கு மட்டும்தான் பொருந்துமா? ஆஸ்திரியாவின் வியன்னாவுக்கு அருகே மரியன்தால் என்ற கிராமம். ஊரே ஒரு துணி ஆலையை நம்பி இருந்தது. பொருளாதாரப் பெருமந்தத்தில் ஆலை மூடப்பட்டது. மரி யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் ஆகியோர் அங்கே ஆய்வு செய்து 1933-ல் நூலாக வெளியிட்டார்கள்.

வேலை இல்லையென்றால் நேரம் நிறைய கிடைக்கும், நிறையப் படிப்பார்கள் என்றுதானே நினைப்போம்? நடந்தது நேர்மாறு. நூலகத்தில் புத்தகம் எடுப்பது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. ஆண்கள் தெருவில் நடக்கும் வேகமே குறைந்தது, அடிக்கடி நின்று நின்று போனார்கள். நேற்று என்ன செய்தாய் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. ஆனால் பெண்கள் அப்படி இல்லை. அவர்களுக்கும் ஆலைக் கூலி போனது, ஆனால் சமையல், துவைத்தல், பிள்ளைகள் என்று நாள் நிறைந்தே இருந்தது. அவர்கள் வேகமாகத்தான் நடந்தார்கள்.

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சிறிது நேரம் யோசித்தேன். நம் பாடத்தில் வேலையின்மை என்றால் வருமான இழப்பு. வீட்டுவேலை தேசிய வருமானக் கணக்கிலேயே வராது. ஆனால் மரியன்தாலில் கணக்கில் வராத அந்த வேலைதான் பெண்களின் நாளைச் சிதறாமல் வைத்திருந்தது. இதற்காக வறுமை அவர்களைத் தொடவில்லை என்றோ, வீட்டுவேலை இனிமையானது என்றோ சொல்லவில்லை. கூலியும் செயலும் வேறு வேறு, ஒன்று போனால் மற்றதும் போகவேண்டும் என்பதில்லை என்று மட்டும் சொல்கிறேன்.

அப்படியானால் கூலி வேண்டாமா?

வேலை மருந்து என்றால், நோயாளியிடம் இலவசமாக வேலை வாங்கலாமே? விடுதிகள் பல காலம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தன. 1973-ல் வாஷிங்டன் கூட்டாட்சி நீதிமன்றம் சூடர் எதிர் பிரென்னன் வழக்கில், மனநல நிறுவனங்களில் வேலை செய்யும் நோயாளிகளுக்கும் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. சரியான தீர்ப்புதான். ஆனால் பல நிறுவனங்கள் கூலி கொடுப்பதற்குப் பதிலாக வேலையையே நிறுத்திவிட்டன. சுரண்டப்பட்டவர்கள் மறுநாளிலிருந்து சும்மா உட்கார வைக்கப்பட்டார்கள். இதில் எது கொடுமை என்று எனக்கு இன்னும் முடிவு செய்யத் தெரியவில்லை. அந்த வேலை யாருக்குப் பயன்படுகிறது, அதைத் தேர்ந்தெடுத்தது யார் என்ற இரண்டு கேள்விகளையும் கேட்காமல் 'வேலை நல்லது' என்று யாரும் சொல்லக்கூடாது என்பது மட்டும் புரிந்தது.

இந்தியாவில்

நம் நாட்டில் இந்தப் படிப்பு 1950-ல் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் தொடங்கியது. தொடங்கியவர் அமெரிக்காவில் பிறந்து இங்கே வாழ்ந்த கமலா நிம்ப்கர். 1952-ல் உலகக் கூட்டமைப்பு உருவானபோது பத்து நிறுவன நாடுகளில் இந்தியாவும் ஒன்று.

நம் வேலூருக்கும் இதில் பங்குண்டு. கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தினார். விரல் நிமிர்ந்தது, ஆனால் அந்த விரலுக்கு வேலை கொடுக்க வெளியே ஆள் இல்லை. அதனால் 1951-ல் நவஜீவ நிலையம் உருவானது. அங்கே தச்சுவேலை, மரப்பொம்மை செய்வது என்று கற்றுக்கொண்டார்கள். டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் ஒரு விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர். சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். 1966-ல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட முக்கியக் காரணம் அவர். "நீங்க சும்மா உக்காருங்கம்மா" என்று அவரை உட்கார வைத்திருந்தால்?

மீண்டும் தாத்தா

இரண்டாவது முறை போனபோது அந்த அம்மா பழைய செய்தித்தாள், நூல்கண்டு, ஒரு படி பாசிப்பயறு கொண்டு வரச் சொல்லியிருந்தார். தாத்தாவைப் பொட்டலம் மடிக்கச் சொன்னார். முதல் பொட்டலம் அவிழ்ந்து பயறு தரையெல்லாம் கொட்டியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. தாத்தாவோ "நூலை இழுத்துப் பிடிடா" என்று என்னை அதட்டினார். மாதக்கணக்கில் கேட்காத அதட்டல்!

வலது கை முழுதாகத் திரும்பவில்லை, திரும்பும் என்று யாரும் சொல்லவும் இல்லை. ஆனால் இப்போது காலையில் இரண்டு மணி நேரம் கடையில் உட்காருகிறார். பொட்டலம் கொஞ்சம் கோணலாகத்தான் இருக்கும். பேரேட்டை நானே கொண்டுபோய் அவர் மடியில் வைத்தேன். ஒரு பக்கத்தைப் புரட்டிப் பார்த்து, நான் போட்ட கூட்டலில் தவறு கண்டுபிடித்தார். "பி.காம். படிச்சு என்னத்தடா கிழிச்ச?" என்றார். வாழ்க்கையில் திட்டு வாங்கி இவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றுதான் :)

உங்கள் வீட்டிலும் யாரையாவது பாசத்தால் சும்மா உட்கார வைத்திருக்கிறீர்களா? அவர்கள் கையிலிருந்து எதை வாங்கிக்கொண்டீர்கள் என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள். முடிந்தால், அவர்களுக்கும் விருப்பமிருந்தால், திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மீண்டும் வேறொரு விஷயத்தோடு சந்திப்போம்.