தானாக மறைவதும் தானாக அடர்வதும்

பிறந்து ஒரு மாதம் ஆன இரண்டு குழந்தைகள். இருவர் கன்னத்திலும் சிவந்த ஒரு திட்டு. கண்ணாடி வில்லையை வைத்து மெல்ல அழுத்தினால் இரண்டு திட்டுகளும் ஓரளவு வெளிறும். எடுத்ததும் ரத்தம் வந்து நிறையும். ஒன்று, ஸ்ட்ராபெரி மச்சம் என்று பெயர் பெற்ற ஹெமாஞ்சியோமா. மற்றது போர்ட் ஒயின் மச்சம். ஹெமாஞ்சியோமாவும் தொடக்கத்தில் தட்டையாக இருக்கக்கூடும் என்பதால், அந்த வயதில் இரண்டையும் பிரித்துச் சொல்லப் பழகிய கண்ணும் தடுமாறுவதுண்டு.

தாயிடம் ஒரு கேள்வி கேட்டால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்: பிறந்த அன்று இது எப்படி இருந்தது? அன்றைக்கு ஒன்றுமே இல்லை, அல்லது வெளிறிய ஒரு தடம் இருந்தது, இரண்டு வாரத்தில்தான் சிவந்தது என்றால் அது ஹெமாஞ்சியோமா. பிரசவ அறையிலேயே பார்த்தோம், இதே ஓரம், இதே வடிவம் என்றால் அது போர்ட் ஒயின் மச்சம். பிடரியிலும் இமைகளிலும் நெற்றி நடுவிலும் பல குழந்தைகளுக்குத் தென்படும் இளஞ்சிவப்புத் திட்டு மூன்றாவது ஒரு வகை. முகத்தில் இருப்பது ஓரிரு வருடங்களில் மங்கிவிடும் என்பதால் அதை இங்கே விட்டுவிடலாம்.

இந்த இரண்டையும் நிறத்தை வைத்தோ அளவை வைத்தோ ஒப்பிடுவதைவிட, காலத்தோடு அவை எப்படி நடந்துகொள்கின்றன என்பதை வைத்து ஒப்பிடுவதே பயனுள்ளது என்று நினைக்கிறேன். ஹெமாஞ்சியோமாவுக்கு அவசரம் அதிகம். ஐந்தாவது வாரத்துக்கும் எட்டாவது வாரத்துக்கும் இடையே மிக வேகமாக வளர்கிறது. மூன்று மாதம் ஆவதற்குள் தன் முழு அளவில் ஏறத்தாழ 80 சதவீதத்தை எட்டிவிடுகிறது. முதல் பிறந்தநாளையொட்டி நடுவில் சாம்பல் படர்ந்து, மிருதுவாகி, சுருங்கத் தொடங்குகிறது. நான்கு வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகளிடம் இந்தச் சுருக்கம் முடிந்துவிடுகிறது. போர்ட் ஒயின் மச்சத்துக்கு அந்த அவசரம் இல்லை. முகம் எவ்வளவு வளர்கிறதோ அதுவும் அவ்வளவே வளர்கிறது. ஆனால் அது நிற்பதும் இல்லை. குழந்தையிடம் இளஞ்சிவப்பு, இளம் வயதில் சிவப்பு, நடு வயதில் ஊதா என்று அடர்கிறது. சிலருக்குத் தோல் தடித்து, எளிதில் ரத்தம் கசியும் சிறு முடிச்சுகள் எழுகின்றன. பள்ளி மாற்றுச் சான்றிதழில் அங்க அடையாளம் எழுதும் காலம் வரும்போது, ஒரு மச்சம் எழுதுவதற்கே இல்லாமல் போயிருக்கும். மற்றது முதல் வரியில் இடம் பிடித்திருக்கும்.

நடத்தையில் இத்தனை வேறுபாடு இருந்தும், மருத்துவம் நெடுங்காலம் இரண்டையும் ஒரே குடும்பமாகவே எண்ணியது. 1982இல் பாஸ்டனில் ஜான் முல்லிகனும் ஜூலி குளோவாக்கியும் அந்தக் குடும்பத்தைப் பிரித்தார்கள். அவர்கள் பார்த்தது மச்சத்தின் நிறத்தை அல்ல. ரத்தக்குழாயின் உட்சுவரில் இருக்கும் செல்கள் பெருகுகின்றனவா என்பதை. ஹெமாஞ்சியோமாவில் அவை பெருகுகின்றன. ஆகவே அது புற்றுத்தன்மை இல்லாத ஒரு கட்டி. போர்ட் ஒயின் மச்சத்தில் பெருகுவதில்லை. தோலின் நுண்குழாய்கள் விரிந்தபடி அமைந்துவிட்டன, அவ்வளவுதான். இன்று உலகெங்கும் ரத்தக்குழாய்க் குறைகளை வகைப்படுத்த அடிப்படையாக இருப்பது இந்தப் பிரிவினைதான். அதன் பலன் நேரடியானது: பெருகும் ஒன்றை மருந்தால் நிறுத்தலாம், பெருகாத ஒன்றில் அந்த மருந்துக்கு நிறுத்துவதற்கு எதுவும் இல்லை.

எங்கிருந்து வந்தன என்று கேட்கும்போது ஒப்பீடு இன்னும் சுவையாகிறது. 2000இல் பாலா நார்த்தும் உடன் ஆய்ந்தவர்களும் ஹெமாஞ்சியோமாவின் குழாய்களில் குளூட்-1 என்ற புரதத்தைக் கண்டார்கள். சாதாரணத் தோலின் குழாய்களில் அது இல்லை. நஞ்சுக்கொடியின் குழாய்களில் இருக்கிறது. நஞ்சுக்கொடிக்கும் இந்த மச்சத்துக்கும் உறவு உண்டு என்ற எண்ணம் அதிலிருந்து வலுப்பெற்றது. குறைமாதக் குழந்தைகளிடமும், எடை குறைந்து பிறந்தவர்களிடமும், பெண் குழந்தைகளிடமும் இது அதிகம். நூறு குழந்தைகளில் நான்கைந்து பேருக்கு வருகிறது. போர்ட் ஒயின் மச்சம் ஆயிரத்தில் சுமார் மூன்று பேருக்கே வருகிறது. ஆண், பெண் பேதம் இல்லை. அதன் மூலம் 2013இல் தெரிந்தது: ஜிஎன்ஏகியூ என்ற மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறது. அந்த மாற்றம் பெற்றோரிடமிருந்து வந்ததல்ல. கரு வளரும்போது ஒரு செல்லில் நேர்ந்து, அதன் வழித்தோன்றல்களில் மட்டும் தங்கிவிட்டது. கிரகணத்தன்று வெளியே வந்தாய், ஆசைப்பட்டதைச் சாப்பிடாமல் விட்டாய் என்று பிள்ளை பெற்றவளைக் குத்திக்காட்டும் வழக்கம் நம்மிடம் இன்னும் இருக்கிறது. இரண்டு மச்சங்களில் எதற்கும் அவள் செய்ததோ செய்யாததோ காரணம் அல்ல. இதை மருத்துவர் குடும்பத்தார் எல்லோரும் இருக்கும்போதே உரக்கச் சொல்ல வேண்டும்.

முல்லிகன் போட்ட எல்லைக் கோட்டின் மீதே ஒரு வியப்பும் காத்திருந்தது. கருவறையிலேயே முழுதாக வளர்ந்து, பிறக்கும்போதே கட்டியாக இருக்கும் அரிய வகை ஹெமாஞ்சியோமா ஒன்று உண்டு. 2016இல் அதன் செல்களை ஆராய்ந்தபோது, அங்கும் ஜிஎன்ஏகியூவிலோ அதன் நெருங்கிய உறவான ஜிஎன்ஏ11இலோ மாற்றம் தென்பட்டது. மரபணுவில் மாறிய இடம் மட்டும் வேறு. போர்ட் ஒயின் மச்சத்துக்குக் காரணமான அதே மரபணு, எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு கட்டியையும் உண்டாக்குகிறது. நடத்தையை வைத்துப் பிரித்த இரண்டு குடும்பங்கள் மரபணு வழியில் மீண்டும் ஓரிடத்தில் கைகோத்துக்கொள்கின்றன.

இன்னொரு ஒற்றுமை பெற்றோர் கட்டாயம் அறிய வேண்டியது. முகத்தில் இருக்கும்போது இரண்டுமே சில சமயம் உள்ளே இருப்பதைச் சொல்லும் அடையாளங்கள். நெற்றியைத் தொடும் போர்ட் ஒயின் மச்சம், மூளையுறையிலும் கண்ணிலும் இதே போன்ற குழாய்கள் இருக்கக்கூடும் என்று எச்சரிக்கிறது. 1879இல் வில்லியம் ஆலன் ஸ்டர்ஜ் விவரித்த, வலிப்போடு கூடிய இந்த நிலை ஸ்டர்ஜ்-வெபர் என்று அழைக்கப்படுகிறது. முகத்தின் ஒரு பெரும்பகுதியை அடைத்துப் பரவும் ஹெமாஞ்சியோமாவும் அப்படியே எச்சரிக்கிறது. அங்கே சோதிக்க வேண்டியவை மூளைக்குச் செல்லும் தமனிகள், பெருந்தமனி, இதயம், கண். கண் இரண்டு பட்டியலிலும் இருக்கிறது. போர்ட் ஒயின் மச்சம் அதைக் கண் அழுத்த நோயால் தாக்குகிறது. இமையில் வளரும் ஹெமாஞ்சியோமா பார்வையை மறைத்தோ விழியை அழுத்தியோ, அந்தக் கண்ணைப் பார்க்கக் கற்றுக்கொள்ளாத சோம்பேறிக் கண்ணாக்கிவிடுகிறது. எச்சரிக்கை எல்லா நேரமும் உண்மையாவதில்லை. சோவியத் தலைவர் மிகயீல் கோர்பசேவின் நெற்றியில் உலகம் பார்த்தது போர்ட் ஒயின் மச்சம்தான். அதோடு அவர் முழு வாழ்க்கை வாழ்ந்தார். இருந்தாலும் சோதித்துப் பார்த்துவிட்டு நிம்மதி அடைவதே முறை.

சிகிச்சையின் வரலாற்றில் இரண்டுக்கும் எதிரெதிர்த் திசையில் தவறிழைக்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஹெமாஞ்சியோமாவுக்கு ரேடியமும் எக்ஸ்ரேயும் கொடுத்தார்கள். தானாகப் போகவிருந்த மச்சத்துக்காகக் கதிர்வீச்சு பெற்ற குழந்தைகளில் சிலர் பின்னாளில் புற்றுநோய் அபாயத்தைச் சுமந்தார்கள். 1938இல் லிஸ்டர் என்ற ஆங்கில மருத்துவர், தொடாமல் விட்ட மச்சங்களைத் தொடர்ந்து கவனித்து, அவை சுருங்குகின்றன என்று எழுதிய பிறகு காத்திருப்பது கொள்கையானது. அங்கே மிகைச் சிகிச்சை என்றால், போர்ட் ஒயின் மச்சத்துக்கு நேர்ந்தது கைவிரிப்பு. தோலை வெட்டி ஒட்டுதல், பச்சை குத்தி நிறம் மறைத்தல், தழும்பு விட்டுச் சென்ற ஆர்கான் லேசர் என்று எதுவும் குழந்தைக்குப் பரிந்துரைக்கத் தக்கதாக இல்லை.

இரண்டுக்கும் விடிவு வந்தது வெளியிலிருந்துதான். பிரான்சின் போர்தோ நகரில் கிறிஸ்டின் லியோத்தே-லப்ரேஸின் பராமரிப்பில் இருந்த ஒரு குழந்தைக்கு, ஹெமாஞ்சியோமாவுக்காக ஸ்டீராய்டு கொடுத்தபோது இதயத்தசை தடித்தது. இதயத்துக்காக ப்ரோப்ரனோலால் கொடுத்தார்கள். மறுநாளே மச்சத்தின் சிவப்பு ஊதாவாக மாறி, கட்டி மிருதுவானது. 2008இல் பதினொரு குழந்தைகளின் அனுபவம் வெளியானது. ஜேம்ஸ் பிளாக் 1960களில் இதய நோயாளிகளுக்காக உருவாக்கிய மாத்திரை, பச்சிளம் குழந்தைகளின் தோல் மருந்தானது. 2015இல் வெளியான பெரிய ஆய்வில், ஆறு மாதம் மருந்து பெற்ற குழந்தைகளில் 60 சதவீதம் பேருக்கு மச்சம் முழுதாகவோ ஏறத்தாழ முழுதாகவோ மறைந்தது. வெற்று மருந்து பெற்றவர்களில் 4 சதவீதம் பேருக்கு மட்டுமே.

லேசரின் கதையும் கடன் வாங்கிய கதைதான், கொடுத்தது இயற்பியல். 1983இல் ராக்ஸ் ஆண்டர்சனும் ஜான் பாரிஷும் ஒரு கோட்பாட்டை முன்வைத்தார்கள்: ரத்தத்தின் சிவப்பணு நிறமி விரும்பி உறிஞ்சும் அலைநீளத்தில், குழாய் மட்டும் சூடாகும் அளவு குறுகிய நேரத்துக்கு ஒளியைப் பாய்ச்சினால், மேல்தோல் தப்பித்துக்கொள்ளும். அதன்படி உருவான பல்ஸ்டு டை லேசரால் குழந்தைகளுக்குத் தழும்பின்றிச் சிகிச்சை தரலாம் என்பது 1989இல் உறுதியானது.

இரண்டு சிகிச்சைகளையும் அருகில் நின்று பார்த்தால் அவற்றின் இயல்பு விளங்கும். ப்ரோப்ரனோலால் வீட்டில் நடக்கும் வைத்தியம். குழந்தை பால் குடித்து முடித்ததும், ஊசியில்லாத சிரிஞ்சில் அளந்த திரவத்தைக் கன்னத்தின் உட்புறமாக மெல்ல விட வேண்டும். வயிற்றுப்போக்கோ வாந்தியோ இருந்து பால் குடிக்காத நாளில் மருந்தை நிறுத்த வேண்டும், ஏனென்றால் ரத்தச் சர்க்கரை திடீரென இறங்கும். மூச்சிரைப்பு வந்தாலும் அப்படியே. லேசர் மருத்துவமனையில் நடக்கும் வைத்தியம். கண்களை மூடும் உலோகக் கவசம், குளிர்விக்கும் தெளிப்பு, சட்டென்று ஒரு மின்னல்; ரப்பர் பேண்டைச் சுண்டிவிட்ட சுளீர் வலி. ஒளி பட்ட ஒவ்வொரு வட்டமும் சில நிமிடங்களில் கருநீலமாகி, ஒன்றிரண்டு வாரம் கன்றியபடி இருந்து மறையும். சில வாரங்கள் கழித்து மறுபடியும். இப்படிப் பல அமர்வுகள்.

மருந்துக்குத் தோலின் நிறம் தெரியாது, ஒளிக்குத் தெரியும். இங்கேதான் தமிழ் வாசகர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். ரத்தத்தைத் தேடிவரும் ஒளியை நம் தோலின் மெலனினும் உறிஞ்சிக்கொள்கிறது. ஆகவே மாநிறத் தோலில் ஆற்றலைக் குறைத்து, குளிர்ச்சியைக் கூட்டி, இடைவெளி விட்டுச் செய்ய வேண்டியிருக்கிறது; கவனம் தப்பினால் கருமையோ வெள்ளைத் தழும்போ மிஞ்சும். வெளிர்தோல் குழந்தைகளின் படங்களைக் காட்டி அதே விளைவை உறுதியளிக்கும் இடத்தில், இங்குள்ளவர்களுக்குச் செய்த படங்களைக் கேட்டு வாங்கிப் பார்ப்பது நியாயமான உரிமை.

மருந்தின் செயல்முறையில் இன்னொரு நுட்பம் பின்னர் தெரிந்தது. ப்ரோப்ரனோலால் என்பது கண்ணாடிப் பிம்பங்களாக அமைந்த இரண்டு மூலக்கூறுகளின் கலவை. இதயத்தின் வேகத்தைக் குறைப்பது ஒன்று. மற்றது இதயத்துக்கு ஏறத்தாழப் பயனற்றது என்று கருதப்பட்டது. ஆய்வகத்தில், ஹெமாஞ்சியோமா செல்களுக்குத் தேவையான சாக்ஸ்-18 என்ற புரதத்தைத் தடுப்பது அந்தப் பயனற்ற பாதிதான் என்று தெரிந்தது. இதயத்துக்கு ஆபத்தில்லாத ஒரு மருந்தாக அதைப் பிரித்தெடுக்க முடியுமா என்ற கேள்வி எனக்கு மிகுந்த நம்பிக்கை தருகிறது.

மருந்து போர்ட் ஒயின் மச்சத்தில் வேலை செய்யாது. காரணத்தை முன்பே பார்த்தோம். ஆனால் லேசருக்கு ஹெமாஞ்சியோமாவில் ஒரு சிறிய இடம் உண்டு: கட்டி சுருங்கிய பிறகு மிஞ்சும் மெல்லிய சிவப்பு ரத்தக்குழாய்களை அது நீக்கும். கொழுப்பும் தளர்ந்த தோலுமாக மிஞ்சினால் அறுவைச் சிகிச்சை. லேசர் போர்ட் ஒயின் மச்சத்தை முழுதாக அழிப்பது குறைவானவர்களிடம்தான். பெரும்பாலோருக்கு வெளிறவே செய்கிறது. பத்து ஆண்டுகள் கழித்துப் பார்த்த ஓர் ஆய்வில், சிகிச்சை முடிந்த நாளில் இருந்ததைவிட மச்சங்கள் மீண்டும் சற்று அடர்ந்திருந்தன. சிகிச்சைக்கு முன் இருந்த அளவுக்கு அல்ல.

நம் வீடுகளில் எல்லா மச்சத்துக்கும் சொல்லப்படும் ஒரே வார்த்தை, தானாப் போயிடும் என்பது. போர்ட் ஒயின் மச்சத்தில் அது தவறு. ஹெமாஞ்சியோமாவில் அது உண்மை, ஆனால் ஆபத்தான உண்மை. உதட்டிலோ டயப்பர் படும் இடத்திலோ இருந்தால் புண்ணாகிப் பிள்ளையைத் துடிக்கவைக்கும். மோவாயும் கீழ்த்தாடையும் கழுத்துமாகப் பரவியிருந்தால் மூச்சுக்குழாயிலும் இருக்கலாம். இடுப்பின் பின்புறத்தில் இருந்தால் தண்டுவடத்தைப் பார்க்க வேண்டும். ஐந்தோ அதற்கு மேலோ இருந்தால் கல்லீரலை ஸ்கேன் செய்ய வேண்டும். இத்தகைய குழந்தைகளை ஒரு மாத வயதுக்குள் நிபுணரிடம் காட்டச் சொல்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் 2019 வழிகாட்டுதல். தடுப்பூசிக்கு ஆறாவது வாரத்தில் போகும்போது கேட்டுக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால், மிக வேகமான வளர்ச்சி அதற்குள் தொடங்கியிருக்கும். முதுகிலோ தொடையிலோ சிறிதாக ஒன்று இருந்தால், வாரம் ஒரு படம் கைப்பேசியில் எடுத்து வைத்துக் காத்திருப்பது சரிதான்.

போர்ட் ஒயின் மச்சத்துக்கும் சீக்கிரம் தொடங்குவதே நல்லது என்பவர்கள் பலர்: தோல் மெல்லியது, பரப்பு சிறியது, சில மாதக் குழந்தையை மயக்க மருந்தின்றியே பிடித்துக்கொள்ளலாம். ஆயினும் அது பல வருடம் நீளும் பயணம். ஹெமாஞ்சியோமாவின் மருந்து பெரும்பாலும் முதல் பிறந்தநாளை ஒட்டி முடிந்துவிடுவதால், அந்தக் குழந்தைக்காக எல்லா முடிவுகளையும் பெற்றோரே எடுத்து முடித்துவிடுகிறார்கள். போர்ட் ஒயின் மச்சமுள்ள குழந்தை நடுவழியில் பேசக் கற்றுக்கொள்கிறது, பள்ளிக்குப் போகிறது, பத்து வயதில் இந்த விடுமுறைக்கு லேசர் வேண்டாம் என்று சொல்கிறது. கண்ணும் மூளையும் நலமாக இருக்கின்றன என்று சோதித்து உறுதிசெய்த பிறகு, அந்த வேண்டாமை மருத்துவரும் பெற்றோரும் ஏற்கலாம். பதினாறு வயதில் அந்தப் பிள்ளையே திரும்பி வந்து வேண்டும் என்றால், அப்போதும் லேசர் வேலை செய்யும்.