விட்டுக்கொடுக்கும் நாண்: கொண்டச்சியிலிருந்து ஒரு குறிப்பு

சென்ற பாடசாலை விடுமுறையில் என் மருமகன் ஒரு வில்லைத் தூக்கிக்கொண்டு கொண்டச்சிக்கு வந்தான். கொழும்பில் பழைய சாமான் விற்கும் ஓரிடத்தில் வாங்கியதாம். மரமும் கண்ணாடி நாரும் அடுக்கடுக்காக ஒட்டிச் செய்த ரிகர்வ் வில். நுனிகள் இரண்டும் முன்பக்கமாக வளைந்திருந்தன. கைப்பிடிக்கு அருகே மங்கிய எழுத்தில் 60 அங்குலம், 45 இறாத்தல் என்று இருந்தது. நாண் மட்டும் இல்லை.

"அதுக்கென்ன மாமா, கடற்கரையில இல்லாத கயிறா?" என்றான். தொழிலுக்குப் போகும் ஒருவரிடம் மெல்லிய பின்னல் தூண்டில் நூல் வாங்கி, சில இழைகளைச் சேர்த்து முறுக்கிப் பூட்டினான். "பெரிய மீனையே இழுக்கிற நூல். அறவே அறாது."

அவன் சொன்னது சரிதான், நூல் அறவில்லை. சில நாள் எய்த பிறகு வில்லின் மேல் நுனி வெடித்தது. தெறித்த சிராய் அவன் புருவத்தைக் கீறிவிட்டது. இன்னும் ஒரு விரற்கடை கீழே பட்டிருந்தால் கண் போயிருக்கும்.

அறாத நாண் வில்லை உடைத்தது ஏன்? இந்தக் கேள்விதான் என்னைப் பழைய நூல்களின் பக்கம் இழுத்துக்கொண்டு போனது.

வில்லை இழுக்கும்போது நம் கையின் பலம் அதன் இரு கைகளிலும் சேமிக்கப்படுகிறது. விட்டவுடன் பெரும்பகுதி அம்போடு போய்விடும். மிச்சம் நாண் நிமிர்ந்து நிற்கும் அந்தக் கணத்தில் நுனிகளில் வந்து அடிக்கும். நாண் சற்று நீண்டு கொடுத்தால் அடியின் ஒரு பங்கை அது வாங்கிக்கொள்ளும். நீளாத நாண் முழுவதையும் நுனிக்கே அனுப்பிவிடும். மெல்லியதாகவும் இருந்தால் காது மாட்டும் இடத்தில் மரத்தை அறுக்கவும் செய்யும். நாண் அறுந்துபோனாலும் ஆபத்துத்தான். அப்போது அம்பில்லாமல் எய்தது போல, பலம் முழுவதும் வில்லுக்குள்ளேயே திரும்புகிறது. ஆகவே நாணுக்கு அறாத உறுதியும் வேண்டும், விட்டுக்கொடுக்கும் தன்மையும் வேண்டும்.

நம் மண்ணில் இந்த இரண்டும் சேர்ந்த நார் ஒன்று உண்டு. மரல் என்றும் மருள் என்றும் சொல்லும் செடி. வரண்ட நிலத்தில் வாள் போல நிமிர்ந்து நிற்கும், தடித்த இலை. சிங்களத்தில் நியந்த. ஆங்கிலேயர் இதற்கு வைத்த பெயரே 'இலங்கை வில்நாண் சணல்' என்பதுதான். தாவரவியலார் தந்த பெயரிலும் 'சைலானிகா' என்று இலங்கை இருக்கிறது. இலையை மழுங்கிய கத்தியால் சுரண்டிச் சதையை நீக்கி, அலசிக் காயவைத்தால் வெள்ளை நார் கிடைக்கும்.

சொற்களும் இதற்குச் சாட்சி. வடமொழியில் இந்த இனச் செடிக்கு மூர்வா என்று பெயர். அதிலிருந்து பிறந்த மௌர்வி என்ற சொல்லுக்கு வில்நாண் என்பது பொருள். சங்கப் பாடல்களில் மரல் நாரை உடுத்த குறவர் வருகிறார்கள். குணம் என்ற சொல்லுக்குப் பண்பு என்ற பொருளோடு கயிறு, வில்நாண் என்ற பொருள்களும் உண்டு.

கயிற்றை நம்பி உயிர்வாழ்ந்த ஊர் இது. 1803இல் வெளிவந்த பேர்சிவலின் இலங்கை நூலில் கொண்டச்சிக் குடா முத்துக்குளிப்புப் படகுகள் கூடும் இடமாக வருகிறது. குளியாளி கல்லின் பாரத்தால் அடியில் இறங்குவான். மூச்சு முட்டும்போது கயிற்றை அசைத்தால் மேலே இருப்பவர் இழுத்தெடுப்பார். எந்தக் கயிறு, எவர் கை என்பது அங்கே உயிர்ப் பிரச்சினை. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் விரட்டப்பட்டபோது இந்த ஊரும் வெறுமையானது. என் மருமகன் பிறந்தது புத்தளத்தில். வேலியோரம் நின்ற மரலைக் காட்டினேன். "இது பூச்சாடியில வைக்கிறதெல்லோ மாமா?" என்று கேட்டான். வீட்டையும் காணியையும் இழந்ததை எழுதி வைத்திருக்கிறோம். நார் உரிக்கும் கையை இழந்தது எந்தப் பட்டியலிலும் இல்லை.

வில் நம் மார்க்கத்திலும் அந்நியமான பொருளில்லை. அன்ஃபால் அத்தியாயத்தின் 60ஆம் வசனம் கூறும் 'பலம்' என்பதை அம்பெய்தல் என்று நபி (ஸல்) அவர்கள் விளக்கியதாக உக்பா இப்னு ஆமிர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. மம்லூக்கியர் காலத்தில் தைபுகா போன்றோர் வில்வித்தைக்கென்றே நூல் எழுதினார்கள். அறபியில் நாணுக்கு வதர் என்று பெயர். தோல், குடல், பட்டு எல்லாம் நாணாகப் பயன்பட்டன. தோலும் குடலும் ஈரத்தில் நெகிழ்ந்துவிடும். கொம்பு, மரம், தசைநார் மூன்றையும் பசையால் இணைத்த வில்லுக்கு உதுமானியர் பட்டு நாணைப் பூட்டினார்கள். பாரம் குறைந்தது, ஆனாலும் வலியது.

இனி மருமகனின் வில்லுக்கு வருவோம். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆளிநார் நாண்தான் புழங்கியது. 1950களில் கண்ணாடி நார் ஒட்டிய ரிகர்வ் வில்கள் பரவிய காலத்தில் டக்ரான் என்ற பொலியெஸ்டர் இழை அதன் இடத்தைப் பிடித்தது. அது சற்று நீளும். அக்காலத்து வில்களின் நுனி அந்த நீட்சியை நம்பியே செய்யப்பட்டது. 1970களில் கெவ்லார் வந்தது. அது முன்னறிவிப்பில்லாமல் அறுந்தது. 1980களில் வந்த 'ஃபாஸ்ட் ஃபிளைட்' என்ற பொலிஎத்திலீன் நாண் நீளவே நீளாது, அம்பும் வேகமாகப் போகும். அதைத் தாங்கவே பிற்கால வில்களின் நுனியைத் தடிப்பாக்கிச் செய்தார்கள். மருமகன் வாங்கிய பின்னல் நூலும் இதே வகை நார்தான்!

எனவே பழைய ரிகர்வ் வில் கையில் கிடைத்தால், நீளாத நாணையும் தாங்கும் என்று செய்தவரே குறித்திருந்தாலன்றி, டக்ரான்தான் பூட்ட வேண்டும். 35 முதல் 45 இறாத்தல் வரை 12 இழை, அதற்கு மேல் 55 வரை 14 இழை என்பது வழக்கமான கணக்கு. ரிகர்வ் வில்லில் நாண் வில்லின் நீளத்தைவிட ஏறத்தாழ 4 அங்குலம் குறைவாக இருக்கும். 60 அங்குல வில்லுக்கு 56 அங்குலம். தங்கூசி எதற்கும் வேண்டாம். அது அளவுக்கு மீறி நீளும், முடிச்சில் அறும். மரல் நாரின் பெருமையைப் பேசினேன் என்பதற்காக அதை முறுக்கி இந்த வில்லில் பூட்டிப் பார்க்கவும் வேண்டாம். அது வேறு வில்லுக்கு, தேர்ந்த கைக்கு உரியது. முக்கியமாக, கீறலோ வெடிப்போ உள்ள வில்லுக்கு எந்த நாணும் ஆகாது.

மருமகனின் வில் இப்போது எங்கள் வீட்டுச் சுவரில் நாணில்லாமல் தொங்குகிறது. ஒரு பின்னேரம் வேலியோரத்தில் இருந்து ஓர் இலையை வெட்டி வந்து, கறிக்கத்தியின் முதுகால் சுரண்டிக்கொண்டிருந்தான். பாதி நார் அறுந்து போயிற்று. மீதியை முறுக்கி இழுத்துப் பார்த்தான். "கொஞ்சம் நீளுது மாமா" என்றான்.