மறைக்கப்படாத மூன்றாம் வரிசை

புஞ்சாக் ஆலாமுக்கு மேற்கே, ஜெராமும் காப்பாரும் அமைந்த நிலம் கடலோரச் சமவெளி. கிழக்கே செல்லச் செல்ல அது குன்றும் பள்ளமுமாக மாறுகிறது. சிலாங்கூரின் இவ்விருவகை நிலத்திலும் காடழித்து ரப்பர் நட்ட தமிழ்த் தொழிலாளரை வாரிக் கொண்டுபோனது மலேரியாக் காய்ச்சல். அவர்களைக் கொன்ற கொசு எது, அது எங்கே முட்டையிட்டது என்பன உலகுக்குத் தெரியவந்ததில், தம் கணக்கைப் பெட்டியில் பூட்டி வைக்காத ஒரு மருத்துவருக்குப் பெரும் பங்குண்டு.

மால்கம் வாட்சன் 1901-ஆம் ஆண்டில் கிள்ளானுக்கு அரசாங்க மருத்துவராக வந்தார். நான்காண்டுகளுக்கு முன்னர்தான், 1897-இல், செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவின் உடலில் மலேரியாக் கிருமியைக் கண்டறிந்திருந்தார். ராஸ் அதனை உடனே உலகறிய வெளியிட்டமையால், கிள்ளானில் காய்ச்சல் பொங்கியபோது என்ன செய்ய வேண்டும் என்பது வாட்சனுக்கு விளங்கிற்று. நகரைச் சூழ்ந்த சதுப்பு நீர் வடிக்கப்பட்டது, புதர்கள் அழிக்கப்பட்டன.

பின்னர் அவர் வெளியிட்ட அட்டவணை எளிமையானது. கிள்ளான் நகரிலிருந்து மலேரியாவால் மருத்துவமனைக்கு வந்தோர் 1901-இல் 334 பேர். 1905-இல் 12 பேர். புதிய துறைமுகமான போர்ட் சுவெட்டன்ஹாமில் 188 என்பது 11 ஆகக் குறைந்தது. புகழ் தேடுவோர் இவ்விரண்டு வரிசையோடு நிறுத்தியிருப்பர். வாட்சனோ மூன்றாவது வரிசையையும் சேர்த்தார். வடிகால் வெட்டப்படாத மாவட்டத்தின் பிற பகுதிகளில் 197 என்பது 353 ஆக உயர்ந்திருந்தது. அந்த வரிசை மட்டும் இல்லையேல், காய்ச்சல் தானாகவே தணிந்த காலம் அது என்று எவரும் வாதிட்டிருக்கலாம். வடிகால்தான் காத்தது என்பதற்கு, காக்கப்படாத நாட்டுப்புறமே சான்றாயிற்று. அந்தச் சான்றின் விலையை, அந்நாட்களில் அங்கே பெருகிவந்த தோட்டங்களின் மக்களும் சேர்ந்தே கொடுத்தனர்.

இதனினும் அரியது, அவர் தம் முறையின் தோல்வியை எழுதிவைத்தது. சமவெளியில் அனோஃபிலிஸ் அம்புரோசஸ் என்னும் கொசு நிழல் படிந்த காட்டுச் சதுப்பில் வளர்வது. காட்டை வெட்டி நீரை வடித்தால் அது ஒழிந்தது. அதே வேலையைக் குன்றுப்புறத் தோட்டங்களில் செய்தபோது நோய் குறையவில்லை. அங்கே மாக்குலாட்டஸ் என்னும் வேறோர் இனம், வெயில் விழும் தெளிந்த ஓடைகளை விரும்பிக் குடியேறிற்று. காட்டை அழித்தது அதற்கு இடம் ஒழித்துக் கொடுத்ததுபோல் ஆயிற்று! பள்ளத்து ஓடைகளை மண்ணுக்குள் குழாய் பதித்து மறைக்க வேண்டியிருந்தது. ஓரிடத்து மருந்து மற்றோரிடத்தில் நஞ்சாகலாம் என்னும் இவ்வுண்மையை வாட்சன் மறைத்திருந்தால், பிற நாடுகளும் அதே தவற்றை உயிர் கொடுத்தே கற்றிருக்கும்.

1911-இல் அவருடைய மலேரியாத் தடுப்பு நூல் வெளிவந்தது. கூட்டுறவு மலாய் மாநிலங்களின் தோட்டத் தொழிலாளருள் ஆயிரவருக்கு 60 பேருக்கும் மேல் மாண்டது அவ்வாண்டில்தான். மலேரியா ஆலோசனை வாரியம் அமைந்ததும் அவ்வாண்டே. டச்சு இந்தியத் தீவுகளில் ஆய்ந்த சுவெல்லென்கிரேபெல், எந்த இனம் நோய் பரப்புகிறதோ அதன் இருப்பிடத்தை மட்டும் கெடுக்கும் முறைக்குப் பெயர் சூட்டி வளர்த்தார்; அதற்கு வித்து வாட்சனின் குறிப்புகள். கொடுத்தவர் வாங்கவும் செய்தார்: பனாமாக் கால்வாய்ப் பகுதியில் நீர்மேல் எண்ணெய் தெளிப்பதைக் கண்டு, 1914 முதல் இங்கும் அதனைக் கையாண்டார்.

இக்கணக்குகளில் குறை இல்லாமல் இல்லை. வீங்கிய மண்ணீரலோடு வரிசையில் நின்ற தோட்டத்துக் குழந்தைகள் அங்கே எண்களே, பெயர்கள் அல்லர். காய்ச்சலுக்கு அஞ்சித் தோட்டத்தைவிட்டு ஓடி வழியில் விழுந்தவன் எந்தத் தோட்டத்துக் கணக்கில் சேர்வான்? ஆயினும், அன்றைய லயத்து வாழ்வை ஆராய இன்று புகுவோர்க்கு, இரங்கற்பாக்களைவிட இவ்வெண்களே உறுதியான துணை.

நோய்க்கணக்கைப் பொதுவில் வைக்கும் வழக்கம் இந்நாட்டில் மீண்டும் பெரிதாகப் பேசப்பட்டது 2021-இல். கோவிட் பெருந்தொற்று உச்சத்தை நெருங்கிக்கொண்டிருந்த சூலை மாதத்தில், சுகாதார அமைச்சு நாள்தோறும் சேரும் எண்களை எவரும் எடுத்து ஆராயும் வகையில் இணையத்தில் திறந்துவைத்தது. பல்கலைக்கழகத்தாரும் இதழாளரும் கணக்கறிந்த பொதுமக்களும் அவற்றைச் சரிபார்த்தனர்; வினவினர். மாநிலவாரியான அப்பட்டியலில் அந்நாட்களில் மிகுந்த எண்ணிக்கையோடு நின்றது சிலாங்கூர்.