திருப்பூரின் டி.டி.பி. தமிழ்

திருப்பூரில் பனியன் ஏற்றுமதி ஓங்கிய 1990-களிலும் அதற்குப் பின்னும், வெளிநாட்டு வியாபாரக் கடிதங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நடந்தனவாயினும், தொழிற்சங்கத்தின் துண்டறிக்கை, கூலி ஒப்பந்தத்தின் நகல், கும்பாபிஷேக நோட்டீஸ், திருமண அழைப்பிதழ் ஆகிய தமிழ்க் காரியங்கள் டி.டி.பி. நிலையங்களையே நாடி வந்தன. பாமினி, வானவில், ஸ்ரீலிபி என்று எந்த எழுத்துரு அந்நிலையத்தில் இருந்ததோ அதுவே அந்தக் கோப்பின் கதியை நிர்ணயித்தது; ஏனெனில் கணினி சேமித்து வைப்பது எழுத்தை அன்று, எழுத்துக்கு இட்ட எண்ணை மட்டுமே. அவ்வெண்களை எழுத்துருச் செய்தோர் தத்தம் விருப்பப்படி இட்டமையால், ஒரு நிலையத்தின் கோப்பு அடுத்த தெரு நிலையத்தில் பொருளற்ற குறிகளின் குவியலாகத் தோன்றியது.

இதற்குப் பரிகாரம் தேடிய முயற்சிகளோ பல. மத்திய அரசின் மின்னணுத் துறை 1988-இல் வகுத்த இஸ்கி என்னும் குறியீடு 1991-இல் திருத்தம் பெற்று இந்தியத் தரமாயிற்று. அதே ஆண்டில் வெளியான சர்வதேசத் தரமாகிய யூனிகோடு, இஸ்கியின் 1988-ஆம் ஆண்டுப் பதிப்பை ஆதாரமாகக் கொண்டிருந்தது. ஆகவே சர்வதேசத் தரம் பழைய பதிப்பையும், இந்தியா புதிய பதிப்பையும் தழுவி நின்றன. அடுத்து, லோசானில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம், மலேசியாவின் முத்து நெடுமாறன் முதலியோர் மின்னஞ்சல் வழியே விவாதித்து உருவாக்கிய திஸ்கி என்னும் தமிழ்க் குறியீடு, 1.6, 1.7 என்று பதிப்புகள் கண்டது. 1999-இல் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டின் பயனாக, தமிழுக்கு மட்டுமான டாம், ஆங்கிலத்தோடு இணைந்து நிற்கும் டாப் என இரண்டு தரங்கள் பிறந்தன. 2010 ஜூனில், திருப்பூருக்கு அண்மையிலுள்ள கோவையில் செம்மொழி மாநாடு தொடங்கியபோது, தமிழ்நாட்டு அரசாணை யூனிகோட்டை ஏற்று, அதனோடு டேஸ் 16 என்பதையும் மாற்றுத் தரமாக அமைத்தது. பல தரங்கள் இருந்தமை குற்றமென்று நான் கருதவில்லை. கோப்பு தன் குறியீட்டின் பெயரைத் தன்னோடு சுமக்காமற் போனதே உண்மையான நஷ்டம்.

ஒரு குறியீட்டிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுவது எண்ணுக்கு எண் மாற்றுவதன்று. 'கொ' என்பதைத் திஸ்கி, கண்ணுக்குத் தோன்றும் வரிசையிலேயே ஒற்றைக்கொம்பு, ககரம், கால் என மூன்று எண்களாக வைத்திருக்கும். யூனிகோடோ ககரத்தை முன்வைத்து, ஒகரக் குறியைப் பின் வைக்கும். இந்த வரிசை மாற்றத்தை அறியாத நிரல், இத்தகைய எழுத்துகளைச் சிதைத்துவிடும்.

சீனத்தார் இத்தகைய சிக்கலை நமக்கு முன்மாதிரியாகும்படி கையாண்டிருக்கிறார்கள். அந்நாட்டில் விற்கப்படும் மென்பொருள் கட்டாயமாக ஆதரிக்க வேண்டிய ஜிபி 18030 என்னும் தரம் 2000, 2005, 2022 ஆகிய ஆண்டுகளில் பதிப்புகள் கண்டது. யூனிகோட்டின் தனிப் பயன்பாட்டுப் பகுதியில் தற்காலிகமாக வைத்திருந்த ஓர் எழுத்தை 2005-ஆம் ஆண்டுப் பதிப்பு அதற்குரிய நிலையான இடத்துக்குக் கொணர்ந்தது. 2022-ஆம் ஆண்டுப் பதிப்பு மேலும் 18 எழுத்துகளின் இடத்தை மாற்றியது. எந்தக் கோப்பு எந்தப் பதிப்பினது என்று அறியும் நிரலே அவற்றைப் பிழையின்றிக் காட்டும். நம் டேஸ் 16-உம் அதே தனிப் பயன்பாட்டுப் பகுதியில்தான் இருக்கிறதாகலின், அந்த அனுபவம் நமக்கு அந்நியமன்று.

திருப்பூர் நிலையங்களின் பழைய வட்டுகளில் இன்னும் கிடக்கும் ஒப்பந்த நகல்களை எடுப்போர், கோப்பில் எழுத்துருப் பெயர் எஞ்சியிருந்தால் அதை முதலில் குறித்துக்கொண்டு, பின்னரே யூனிகோட்டுக்கு மாற்ற வேண்டும். மாற்றிய பிறகும் மூலக் கோப்பை, அதன் எழுத்துருவோடு சேர்த்தே, பாதுகாக்க வேண்டும்.