இராட்சத முயல்

வீட்டு முயல்களுள் உருவத்தாலும் நிறையாலும் மற்றவற்றை வெகுவாக விஞ்சி நிற்கும் சில இனங்களுக்கு இராட்சத முயல் என்பது பொதுப்பெயர். இவை தனியொரு விலங்கு வகையைச் சேர்ந்தவை அல்ல. ஸ்பெயினும் போர்ச்சுகலும் அடங்கிய ஐபீரியத் தீபகற்பத்தைத் தாயகமாகக் கொண்டு, வளை தோண்டிக் கூட்டமாக வாழ்கிற, பெரும்பாலும் 2 கிலோவைத் தாண்டாத ஐரோப்பியக் காட்டு முயலே உலகத்திலுள்ள வீட்டு முயல்கள் அனைத்துக்கும் மூதாதையாகும். அதன் சந்ததியிலிருந்து, தலைமுறைதோறும் பெரியவற்றையே பொறுக்கியெடுத்து இணை சேர்த்துவந்த மனித முயற்சியின் பயனாகவே 6, 7 கிலோ நிறையுள்ள இப்பிராணிகள் தோன்றின. தமிழ்நாட்டுப் புதர்க்காடுகளில் காணப்படும், பிடரியில் கறுப்பு மயிருடைய காட்டு முயல் இவற்றிற்கு உறவாயினும் வேறு பேரினத்தைச் சேர்ந்தது. அது வளை தோண்டுவதில்லை. அதன் குட்டி மயிரோடும் திறந்த கண்களோடும் பிறக்கிறது. வீட்டு முயலின் குட்டியோ மயிரின்றிக் கண்மூடிப் பிறந்து, தாய் தன் வயிற்று மயிரைப் பிடுங்கி மெத்தையிட்ட கூட்டிலே சில வாரம் கிடந்து வளர்கிறது. ஆதலால் காட்டு முயலைப் பிடித்து வந்து வளர்ப்பு முயலாக்கலாம் என்ற எண்ணத்துக்கு இயற்கையிலும் இடமில்லை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திலும் இடமில்லை.

இராட்சத இனங்களுள் புகழால் முதன்மை பெற்றது பிளெமிஷ் ஜயண்ட். பெல்ஜியத்தின் பிளாண்டர்ஸ் பிரதேசத்தில், கென்ட் நகரைச் சூழ்ந்த கிராமங்களில், 16-ஆம் நூற்றாண்டு முதலே இத்தகைய முயல்கள் வளர்க்கப்பட்டு வந்தன என்பது வழிவழியாக வரும் செய்தி. ஆயினும் ஐயத்துக்கு இடமில்லாத பதிவுகள் 1860-ஐ ஒட்டிய காலத்திலிருந்துதான் கிடைக்கின்றன. அக்காலத்துக் குடியானவர்களுக்கு முயல் என்பது கொல்லைப்புறத்தில் வளரும் இறைச்சியும் உரோமத் தோலுமே ஆகையால், பெரியது இலாபம் என்ற எளிய கணக்கே இந்த இனத்தை உருவாக்கியது எனலாம். அழகும் அளவும் ஆராயும் கண்காட்சிகள் பின்னரே வந்தன. இனத்தின் இலக்கணம் 1893-இல் முதன்முதலாக எழுதி வைக்கப்பட்டது. ஏறக்குறைய அதே காலத்தில் இங்கிலாந்திலிருந்தும் பெல்ஜியத்திலிருந்தும் அமெரிக்காவுக்கு இம்முயல்கள் சென்றன. அங்கே 1915-இல் இதை வளர்ப்போர் தமக்கெனத் தேசியச் சம்மேளனம் ஒன்றை அமைத்துக்கொண்டனர்.

அமெரிக்க இலக்கணப்படி, முழு வளர்ச்சியடைந்த ஆண் 13 பவுண்டுக்கும், அதாவது சுமார் 5.9 கிலோவுக்கும், பெண் 14 பவுண்டுக்கும், அதாவது சுமார் 6.35 கிலோவுக்கும் குறையலாகாது. மேல் வரம்பு என்பது வகுக்கப்படவே இல்லை. தோளிலிருந்து மெல்ல எழுந்து இடுப்பின்மீது வளைந்து இறங்கும் முதுகும், அகன்ற பின்பாகமும், நிமிர்ந்து நிற்கும் நீண்ட தடித்த காதுகளும் இதன் அடையாளங்கள். பெண் முயலுக்கு, பசுவுக்கு இருப்பது போன்ற அலைதாடி கழுத்தின்கீழ் மடிந்து தொங்கும். கறுப்பு, நீலம், இளமஞ்சட்பழுப்பு, மணல்நிறம், எஃகுச் சாம்பல், வெளிர்சாம்பல், வெள்ளை என ஏழு வண்ணங்களை அமெரிக்கர் ஏற்கின்றனர். பிரிட்டனிலோ பிளெமிஷ் என்ற பெயர் எஃகுச் சாம்பல் நிறத்துக்கே உரியது. ஏனைய நிறத்தவை பிரிட்டிஷ் ஜயண்ட் என்ற வேறு இனமாக எண்ணப்படுகின்றன.

ஐரோப்பிய நிலப்பகுதியிலே பிளெமிஷ் வழிவந்து இன்னும் நீண்ட உடலோடு வளர்ந்தவற்றைக் காண்டினென்டல் ஜயண்ட் என வழங்குவர். உலகில் மிக நீளமான முயல் என்று கின்னஸ் ஏட்டில் 2010-இல் பதிவான, இங்கிலாந்தில் வளர்ந்த டேரியஸ் என்னும் முயல் இவ்வகையைச் சேர்ந்தது. அதன் நீளம் 129 சென்டிமீட்டர். பிரான்சின் ஜிரோந்து மாவட்டத்தில் பிளெமிஷ், ஷாம்பேன் வெள்ளிமுயல், பிரெஞ்சு அங்கோரா ஆகிய மூன்றையும் கலந்து 1906-இல் தோற்றுவித்த பிளாங் தெ புஸ்கா தூய வெண்ணிறத்தது. அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தைச் சேர்ந்த எட்வர்டு ஸ்டால் 1921-இல் உண்டாக்கிய ஜயண்ட் சின்சில்லா, சின்சில்லா என்னும் கொறிவிலங்கின் விலையுயர்ந்த தோலின் சாயலையும் இறைச்சி முயலின் நிறையையும் ஒருங்கே நாடிய வியாபார புத்தியின் விளைவு.

வெள்ளை உடலில் கறுப்பு அல்லது நீலப் புள்ளிகளும், மூக்கிலே பட்டாம்பூச்சி வடிவ மறுவும், கண்ணைச் சுற்றிய வளையமும், முதுகுத்தண்டின்மீது ஒரு கோடும் கொண்ட செக்கர்டு ஜயண்ட் தனித்துப் பேசத்தக்கது. இந்த அலங்காரத்தைத் தரும் மரபுக்கூறு தந்தை, தாய் இருவருள் ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால்தான் கண்காட்சிக்கு ஏற்ற குறிகள் அமையும். அத்தகைய ஆணும் பெண்ணும் கூடும்போது, குட்டிகளில் ஏறக்குறையப் பாதி நல்ல குறியோடும், கால்பங்கு புள்ளியே இல்லாமல் முழு நிறத்தோடும், எஞ்சிய கால்பங்கு மரபுக்கூற்றை இருபுறமும் பெற்று மிகச் சில புள்ளிகளோடும் பிறக்கின்றன. இந்தக் கடைசிப் பங்கினவற்றில் பெருங்குடல் வீங்கி அசைவு குன்றும் நோய் மிகுதி. அவற்றில் பல நீண்டநாள் வாழ்வதில்லை. புள்ளி முயலை முழு நிற முயலோடு இணைத்தால் இத்தகைய குட்டிகள் பிறப்பதே இல்லை என்று அறிந்திருந்தும், புள்ளியோடு புள்ளியையே சேர்ப்பவரைப் பொறுப்புள்ள வளர்ப்பாளர் என்று கூற இயலாது.

பெரிய உருவம் தரும் துன்பங்களுள் முதன்மையானது பாதத்தில் தோன்றுகிறது. நாய் பூனைகளுக்குள்ள தசைத்திண்டு முயலின் பாதத்தில் கிடையாது. அடர்ந்த மயிரே அதன் மெத்தை. உடல் பருக்கப் பருக்க நிறை ஏறும் வேகத்துக்குப் பாதத்தின் பரப்பு ஏறுவதில்லை. ஆகவே கம்பிவலைத் தரையிலே வைத்த இராட்சத முயலின் பின்னங்காலைத் திருப்பிப் பார்த்தால், குதிகாலருகே மயிர் தேய்ந்து, தோல் சிவந்து, நாளடைவில் புண்ணாகி, சீழ் எலும்பு வரை இறங்கியிருப்பதைக் காணலாம். நம் பண்ணைகளில் சிறுமுயல்களுக்குப் பழகிப்போன வலைக்கூண்டு இதற்கு ஆகாது. வழுக்காத திடமான தரையும், உலர்ந்த படுக்கையும், உடலை முழுதாக நீட்டிப் படுக்கவும் சில தாவல் தாவவும் இடமும் வேண்டும்.

தூக்கும் முறையும் அறிந்திருக்க வேண்டுவது. முயலின் எலும்புக்கூடு உடல் நிறையில் சுமார் 8 விழுக்காடே; அதைச் சூழ்ந்த தொடைத் தசையோ மிக வலியது. அந்தரத்தில் பிடித்த முயல் அஞ்சி உதைக்கும்போது தன் உதையாலேயே முதுகெலும்பை முறித்துக்கொண்டு பின்கால்கள் செயலற்றுப் போவது உண்டு. காதைப் பற்றித் தூக்குவது கொடுமை. ஒரு கையை மார்பின்கீழ் கொடுத்து, மறு கையால் பின்பாகத்தின் பாரம் முழுவதையும் தாங்கி, நம் உடலோடு அணைத்தபடியே எடுப்பது முறை. சிறுவரிடம் தூக்கக் கொடுக்காமல் தரையில் அமர்ந்து தடவச் செய்வது நலம்.

ஆகாரத்தில் காய்ந்த புல்லே பிரதானம். பற்கள் ஆயுள் முழுதும் வளர்வதால் நார்ப்பொருளை ஓயாது மென்று தேய்த்தாக வேண்டும். பெருங்குடலின் தொடக்கத்திலுள்ள பையில் புளித்துவரும் மென்புழுக்கையை முயல் ஆசனவாயிலிருந்து நேரே உண்டு இரண்டாம் முறை ஜீரணிப்பதைக் கண்டு அருவருக்க வேண்டியதில்லை. அது உடல்நலத்தின் அறிகுறி. வேலிமசால், குதிரைமசால் போன்ற பசுந்தீவனம் குட்டிகளுக்கும் பாலூட்டும் தாய்க்கும் நல்லது. முதிர்ந்தவற்றுக்கு அளவோடு தருக. தானியம் மிகுந்தால் கொழுப்பேறும். கொழுப்பேறினால் பாதப்புண் விரையும்.

சிறு இனங்கள் நான்கைந்து மாதத்தில் பருவமடைய, இவை முதிரப் பத்து மாதம் வரை ஆகலாம். சினைக்காலம் மற்ற முயல்களைப் போல ஏறக்குறைய 31 நாளே. ஆயுளோ குறைவு: சிறிய முயல் பத்தாண்டு வாழக்கூடுமெனில், இராட்சத முயல் பெரும்பாலும் ஐந்து முதல் எட்டு ஆண்டோடு முடிகிறது. சுபாவம் சாந்தமானது. அவசரமற்ற நடையும், மனிதரிடம் எளிதில் பழகும் குணமும் இவற்றை இன்று வீட்டுக்குள் உலவும் செல்லப் பிராணிகளாக்கியிருக்கின்றன.

தமிழ்நாட்டில் கொடைக்கானல் மலையின் மன்னவனூரிலுள்ள மத்திய செம்மறியாடு, உரோம ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டல மையத்தில் வெள்ளை ஜயண்ட், சோவியத் சின்சில்லா என்னும் கனத்த இனங்கள் இறைச்சிக்காக வளர்த்து வழங்கப்படுகின்றன. இவை 4, 5 கிலோ அளவினவே. இத்தகைய பண்ணைக்கு மலைச் சாரல் வாய்த்தது பொருத்தமே. முயலுக்கு வியர்த்து ஆறும் வழி கிடையாது. காதின் இரத்தக் குழாய்கள் வழியாகவும் விரைந்த சுவாசத்தாலுமே வெப்பத்தை வெளியேற்றுகிறது. 30 பாகை செல்சியஸுக்கு மேல் உஷ்ணம் ஏறினால் அது வாடத் தொடங்கும். ஆணின் வீரியம் குன்றும். பருத்த உடலுக்கு ஆபத்து இன்னும் விரைவில் வரும். வாங்க எண்ணுவோர் நினைவிற்கொள்க: சந்தையில் காணும் குட்டியின் அளவு கண்ணை ஏமாற்றும்; அதன் தாய் தந்தையரைப் பார்த்தே வாங்க வேண்டும். சென்னையிலோ மதுரையிலோ சித்திரை வைகாசி வெயிலில், பகல் முழுதும் குளிர்ச்சியான அறையும் திடமான தரையும் தர இயலாதவர் இம்முயலை வாங்காதிருப்பதே நல்லது. அவர்களுக்கு 2 கிலோ அளவுள்ள சிறு இனமே தக்கது.