பதுங்கு: வேர் குழியிலா, காலிலா?

பதுங்குதல் என்றால் ஒளிதல். அகராதியைப் புரட்டியவர்கள் இதோடு முடித்துக்கொள்கிறார்கள். ஈழப்போர்ச் செய்திகளின் வழியே ‘பதுங்கு குழி’ பத்திரிகைத் தமிழில் ஊன்றிவிட்ட பிறகு, சொல்லுக்குள்ளேயே குழி இருப்பதாக எண்ணிப் ‘பதி’ என்னும் வேரைக் காட்டுவோரும் உண்டு. பதிந்து கிடப்பதால் பதுங்குதலாம். மான் பின்னே நடக்கும் வேட்டுவனின் காலைக் கொஞ்சம் நினைத்துப் பார்த்திருந்தால் இந்த வேர் தோன்றியே இராது.

குழியில் கிடந்து வேட்டையாடுவதற்குப் பழந்தமிழில் வேறு சொற்கள் இருந்தன. பெரும்பாணாற்றுப்படையில் வரும் எயினர் என்னும் வேட்டுவர், மானடித் தடம் கிடக்கும் வழியில், நீர் குடிக்க வரும் பன்றிக்காக நள்ளிரவில் குழிக்குள் காத்திருக்கிறார்கள். அதைப் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார் அங்கே ஆளும் வினைகள் ஒளித்தலும் ஒடுங்கலும். குழியின் பெயர் பயம்பு. இரவு வேட்டை வாய்க்காவிட்டால் பகலில் நாயோடு போய்ப் புதரைக் கலைத்து முயலை வலைக்கு விரட்டுகிறார்கள். ஒன்றில் கால் அசையவில்லை. மற்றதில் காடே அதிர்கிறது. பதுங்குதலுக்கு இரண்டிலும் இடமில்லை.

அதற்கு உரிய இடம் மூன்றாவது ஒன்று. கோடைக்கு முன் முதுமலைப் பக்கம் தேக்கிலை சருகாகிக் கிடக்கையில் நடந்தவர்களுக்குத் தெரியும்: ஓர் இலை நொறுங்கினால் போதும், புள்ளிமான் தலை தூக்கி முன்னங்காலால் தரையைத் தட்டும். மரத்தின்மேல் மந்தி இருந்தால் அதுவும் சேர்ந்து காட்டிக்கொடுக்கும். ஆகவே நடப்பவன் காற்றுக்கு எதிர்முகமாகப் போகிறான். ஒரு சிட்டிகைப் புழுதியைத் தூவிக் காற்றின் போக்கைப் பார்க்கிறான். பாதத்தின் வெளி ஓரத்தை முதலில் ஊன்றி, அடியில் சுள்ளி இல்லையென்று உறுதியான பிறகே உடலின் பாரத்தை அந்தக் காலுக்கு மாற்றுகிறான். மான் மேயும்போது இரண்டடி. தலை தூக்கினால் சிலைபோல் நிற்பு. இந்த நடைக்குப் பெயர்தான் பதுங்கல்.

மலையாளத்தில் ‘பதுக்கெ’ என்றால் மெல்ல. ‘பதுபதுத்த’ மெத்தை என்றால் மிருதுவான மெத்தை. தமிழிலும் பதமை மென்மைதான். பதவிசு மென்மையான நடத்தை. இவற்றையெல்லாம் விட்டுவிட்டு இகரம் உகரமான கதையைச் சொல்லிப் ‘பதி’யைக் கொண்டுவருவது வீண் உழைப்பு. புலி பதுங்குவது பாய்ச்சலுக்கு அடையாளம் என்று சொல்கிறோமே, அந்தப் புலி கிடந்த இடத்திலேயா கிடக்கிறது? நெடுந்தூரம் துரத்தி ஓடும் மூச்சு அதற்கு இல்லை. ஆகவே மெத்தைப் பாதத்தை வைத்து வைத்து, முன்கால் பட்ட தடத்தையொட்டியே பின்காலையும் ஊன்றி, மானை நெருங்குகிறது.

வடமொழிப் ‘பத’த்தை, அதாவது அடியை, வேராகச் சொல்வாரும் இருக்கலாம். அடி என்றால் எல்லா நடையும் பதுங்கலாக வேண்டும், ஆகவில்லை.

நடையைக் குறித்த சொல் பின்னாளில் காலை இழப்பது தமிழுக்குப் புதிதல்ல. ஒதுங்குதல் என்றால் பண்டு நடத்தல், ஒதுக்கம் நடை. இன்றோ மழைக்கு ஒதுங்குகிறோம், ஒதுக்குப்புறத்தில் வீடு கட்டுகிறோம், பட்ஜெட்டில் நிதி ஒதுக்குகிறோம். ஒதுங்கு ஒதுக்கு ஆனதுபோலப் பதுங்கு பதுக்கு ஆயிற்று. அரிசி மூட்டையைப் பதுக்கலாயிற்று. பாலை நிலத்தில் மாண்டவர்மேல் குவித்த கற்குவியலான பதுக்கையைக் காட்டி, மறைத்தலே மூலப்பொருள் என்று வாதிடுவார்கள். பதுக்கு பிறவினை. நடக்க முடியாததைப் பதுக்கினால் அது மறையாமல் வேறென்ன செய்யும்?

மான் வேட்டையின் இன்னொரு சொல்லும் இப்படித்தான் பழைய பொருளை இழந்தது. பார்வை என்பது காட்டு மானை ஈர்க்கப் பழக்கி வைத்த மான். எயினர் குடிசை முன்னே விளாமரத்தில் அது கட்டுண்டு நிற்கிறது. புறநானூற்றின் 320ஆம் பாட்டில், வேட்டுவன் உறங்குகிறான்; பார்வைப் பிணையோடு காட்டுக் கலைமான் வந்து கூடுகிறது. ஓசை எழுந்தால் கணவன் விழித்துக்கொள்வான், கலையும் பிணையைப் பிரிந்துபோகும் என்று அஞ்சி, மனைவி அசையாமல் இருக்கிறாள். மான்தோலில் காயும் தினையைக் கானக்கோழியும் இதல் பறவையும் கொத்தித் தின்கின்றன, அவள் விரட்டவில்லை. கணவன் மானைக் கொல்லக் காக்க வேண்டிய அமைதியை இவள் அதன் கூடலுக்காகக் காக்கிறாள். இந்தப் பாட்டைப் பாடிய வீரை வெளியனாரை விட்டால் இதைச் சொல்ல யார் இருக்கிறார்கள்?

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மான் பின்னே துப்பாக்கியோடு நடப்பது குற்றம். இன்று அந்தப் பதுங்கு நடை தேவைப்படுவது வேட்டைத் தடுப்புக் காவலர்களுக்கு.

‘பதறு’ என்பதும் இதே எழுத்துகளில்தானே தொடங்குகிறது, அதுவும் மென்மையா என்று கேட்பார்கள். முதல் இரண்டெழுத்து ஒத்தாலே உறவு என்றால் பதனீருக்கும் பதவிக்கும் சம்பந்தம் பேசலாம். அகராதி செய்வோர் அடுத்த பதிப்பிலாவது பதுங்குதலுக்கு ‘ஓசைபடாமல் மெல்ல நடத்தல்’ என்பதை முதற்பொருளாகப் போட்டு, ஒளிதலை இரண்டாவதாகத் தள்ளட்டும்.