நிரல்பெயர்ப்பியும் எடிட்டரும்: தனிநபர் கணினிக்கான தேர்வு

கம்பைலர் எனப்படும் நிரல்பெயர்ப்பி, நிரலாளர் எழுதும் மூலநிரலைக் கணினியின் செயலி இயக்கத்தக்க பொறிமொழியாக மாற்றும் மென்பொருள். அந்த மூலநிரலை எழுதவும் திருத்தவும் பயன்படுவது எடிட்டர். இரண்டும் ஒரே சாளரத்துக்குள் இருந்தாலும் அவற்றின் வேலை வேறு. எனவே தேர்வுக்கான அளவுகோலும் வேறாக இருக்க வேண்டும். எடிட்டரை அவரவர் கைப்பழக்கத்துக்கு விட்டுவிடலாம். கம்பைலரையோ மொழியின் தரநிலையை அது எவ்வளவு பின்பற்றுகிறது என்று பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும்.

இரண்டையும் ஒன்றாகக் கருதும் வழக்கத்தைப் பரப்பியதில் போர்லாண்ட் நிறுவனத்துக்குப் பெரும் பங்கு உண்டு. எடிட்டரையும் கம்பைலரையும் இணைத்த டர்போ பாஸ்கலை அது 1983-இல் 49.95 டாலருக்கு விற்றது. 1987-இல் டர்போ சி, 1990-இல் டர்போ சி++ வெளிவந்தன. அன்றைய டாஸ் கணினிகளுக்கு அவை அருமையான கருவிகள். ஆனால் சி++ மொழிக்கு ஐ.எஸ்.ஓ. தரநிலை 1998-இல்தான் வந்தது. அதனால் பெயர்வெளிகளும், வெக்டர் போன்ற நூலக வசதிகளும் டர்போ சி++-இல் இல்லை. அதில் முழு எண் மாறியின் அளவு 16 பிட். உச்ச மதிப்பு 32,767. 200-ஐ 200-ஆல் பெருக்கி அத்தகைய மாறியில் இட்டால் விடை -25,536 என்று வரும். இன்றைய கணினியில் ஜிசிசி அல்லது கிளாங் கம்பைலரைக் கொண்டு அதே நிரலை இயக்கினால் 40,000 கிடைக்கும்.

இந்தியக் கல்லூரிகள் பலவற்றில் டர்போ சி++ நெடுங்காலம் நீடித்தது. தொடக்க மாணவருக்கு அது எளிது என்பதே அதற்குச் சொல்லப்படும் நியாயம். அந்த எளிமை இன்று இல்லை. 64 பிட் விண்டோஸில் டர்போ சி++ போன்ற 16 பிட் நிரல்கள் ஓடாது. டாஸ்பாக்ஸ் போன்ற போலச்செய்யும் மென்பொருளுக்குள் வைத்துத்தான் அதை இயக்க வேண்டும். புதிய கருவிகளை நிறுவுவது கடினம் என்ற மறுப்பில் உண்மை இருக்கிறது. 2015-இல் அறிமுகமான விஷுவல் ஸ்டுடியோ கோட் எடிட்டரில் கம்பைலர் கிடையாது. அதை மட்டும் நிறுவிய மாணவரால் சி நிரலை இயக்க முடியாது. இதற்குத் தீர்வு பழைய கருவிக்குத் திரும்புவதன்று. மின்ஜிடபிள்யூ கம்பைலரும் சேர்ந்து வரும் கோட்பிளாக்ஸ் தொகுப்பை நிறுவினால் போதும்.

எடிட்டரில் இவ்வளவு கண்டிப்பு வேண்டாம். விம், ஈமேக்ஸ், நோட்பேட்++ எதில் எழுதினாலும் கம்பைலருக்குப் போவது வெறும் உரைக்கோப்புதான். நினைவகம் குறைந்த கணினிக்கு நோட்பேட்++ போதுமானது. பிழை பிடித்துத் தருவதில் எடிட்டரின் வண்ணங்களைவிடக் கம்பைலரின் எச்சரிக்கைகளே நம்பகமானவை. சி மொழியில் உள்ளீடு பெறும் ஸ்கேன்எஃப் செயற்கூற்றில் மாறியின் முகவரியைக் குறிக்கும் & குறியை விட்டுவிட்டால், எச்சரிக்கைகளை இயக்கிய ஜிசிசி அந்த வரியையே சுட்டிக்காட்டும். கற்பிப்போர் தரநிலையைப் பின்பற்றும் கம்பைலரையே ஆய்வகத்தில் நிறுவ வேண்டும். கற்போர் எச்சரிக்கைகள் அனைத்தையும் முதல் நாளிலிருந்தே இயக்கி வைத்துப் பழக வேண்டும்.